பால்வாடி பூட்டும் நேரம்

மணி மூன்றே முக்கால். பல்லடத்துக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் ஊரில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்புறம் இருக்கிற பால்வாடியின் கதவு பாதி சாத்தியிருக்கிறது. பாய்களைச் சுருட்டி மூலையில் நிறுத்தியாயிற்று. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மதியம் போட்ட தக்காளி சாதத்தின் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. ஆயாம்மா பூட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நிற்கிறது. மற்ற பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள்.

"இதோட அம்மாயி வரோணுங்க. இன்னிக்கு அவிங்களும் வெங்காயக் காட்டுக்குப் போயிட்டாங்களாட்ட இருக்குது" என்றார் ஆயாம்மா.

"அம்மா?"

"அது பனியன் கம்பெனிங்க. செக்கிங். வர்றதுக்கு எட்டு மணியாயிரும்."

நாலே கால் வரை பார்த்தார். பிறகு கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து, பிள்ளையைக் கையில் பிடித்துத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். பால்வாடியில் பதிவேடுகளுக்குக் குறைவில்லை. எடைக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, சத்துமாவுக்கு ஒன்று, வருகைக்கு ஒன்று. இப்படி வீட்டுக்குக் கூட்டிப் போவதை எழுத அவற்றில் ஒரு கட்டம்கூட இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து நாலைந்து மாணவிகள் இதே தெருவுக்கு வந்திருந்தார்கள். பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவிகளில் பெற்றோருக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டு ஒரு படிவம். மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தி இல்லை என்று நாலு கட்டங்கள். சாப்பாடு எப்படி, சுத்தம் எப்படி, டீச்சர் அன்பாகப் பேசுகிறாரா, விளையாட்டுச் சாமான் இருக்கிறதா, எடை போடுகிறார்களா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்தப் பெண்பிள்ளையின் அம்மாவும் வீட்டில் இருந்தார். எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் திருப்தி'யில் டிக் போட்டார். நான் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மாணவிகள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பிறகு, "எல்லாத்துக்குமே மிகவும் திருப்தியா அம்மிணி?" என்று கேட்டேன். சிரித்தார். "அவிங்க கேட்டதுக்கெல்லாம் திருப்திதானுங்க. நேரத்தப் பத்திக் கேக்கவே இல்லீங்களே."

இந்தக் கட்டுரை அந்த ஒரு பதிலிலிருந்து கிளம்பியதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த டிக்குகள் பொய் அல்ல. அங்கன்வாடி என்று அரசாங்கம் பெயர் வைத்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் நம் ஜனங்கள் பால்வாடி என்றே சொல்லும் அந்த இடத்தை, தமிழ்நாட்டுத் தாய்மார்கள் மனதார நம்புகிறார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் வெறும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 2004-இல் தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம் ஆகிய ஆறு மாநிலங்களில் பொருளியலாளர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் ஓர் ஆய்வு செய்தார்கள். மையத்தின் சுவரையும் பாத்திரத்தையும் எண்ணியதோடு நில்லாமல், தாய்மார்களிடமும் போய்க் கேட்டார்கள். தமிழ்நாடுதான் முன்னால் நின்றது. இங்கே பால்வாடி தினமும் திறக்கிறது, சொன்ன நேரம் வரை திறந்திருக்கிறது, டீச்சருக்குச் சம்பளம் வருகிறது. இதில் என்ன பெருமை என்று நமக்குத் தோன்றும். வேறு மாநிலங்களில் பல இடங்களில் இதுவே செய்தியாக இருந்த காலம் அது.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல. நான் 1979-இல் பிறந்தவன். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. கிராமத்துப் பால்வாடிகளில் இரண்டு வயதிலிருந்து ஐந்து வரை, பள்ளிகளில் ஒன்பது வயது வரை என்று அப்போது கணக்கு. வீட்டிலிருந்து தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அதற்கும் முன்னால், 1980-இல், உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியிருந்தது. அதன் வேலைமுறை எளிமையானது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் தொங்குதராசில் போட்டு எடை பார்ப்பது, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது, கோடு தொய்ந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்து ஏற்றுவது, ஏறியதும் நிறுத்துவது. உருண்டையைவிடப் பெரிய காரியம் அந்தக் கோடு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூடக் கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டாள். 'வெயிட் போட்டாச்சா?' என்பது ஊரில் ஒரு நலம் விசாரிப்பாகவே ஆகிவிட்டது.

முட்டை 1989-இல் வந்தது. கருணாநிதி ஆட்சியில், முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு ஆட்சி மாறினாலும் முட்டையை யாராலும் குறைக்க முடியவில்லை, கூட்டத்தான் முடிந்தது. இப்போது இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்குப் பால்வாடியில் வாரம் மூன்று. பிறகு கலவை சாத வகைகள், வண்ணச் சீருடை, ஊட்டச்சத்துக் குறைந்த பச்சிளம் பிள்ளைகளின் தாய்மாருக்குப் பெட்டகம் தரும் 2022-இன் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம், அதே ஆண்டு பள்ளிகளில் காலை உணவு. தட்டில் வைக்கிற விஷயத்தில் இந்த மாநிலம் நாற்பது வருடமாகக் கைநிறையவே வைத்திருக்கிறது. 'மிகவும் திருப்தி' என்ற டிக் அதற்கான கடன் தீர்ப்பு.

ஆனால் திருப்தியும் பயனும் எப்போதும் ஒன்றல்ல. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 19.7 சதவீதம். 2019-21 ஆய்வில் அது 14.6 ஆகக் குறைந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 27.1-இலிருந்து 25-க்கு மட்டுமே இறங்கினார்கள். ரத்தசோகையோ 50.7-இலிருந்து 57.4-க்கு ஏறிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு. எந்தத் தாயும் படிவத்தில் இதைக் குறையாக எழுதமாட்டாள், ஏனென்றால் ரத்தசோகை கண்ணுக்குத் தெரியாது. ஓடியாடுகிற பிள்ளை நல்ல பிள்ளை. பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்று, ரத்தத்தைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று.

சரி, பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதையாவது ஒழுங்காகக் கேட்கிறோமா?

இனாமாக வரும் ஒன்றைப் பற்றி நம் ஊரில் குறை சொல்லமாட்டார்கள். சொன்னால் நன்றி கெட்டவள் என்று பெயர் வரும். நாளைக்கும் பிள்ளையை அங்கேதான் விட வேண்டும். கேள்வி கேட்கிறவர் கையில் அட்டையும் பேனாவும் இருந்தால் அவர் எந்த ஆபீஸ் ஆளோ என்கிற பயம் வேறு. அதனால் முதல் கேள்விக்கு "நல்லாருக்குங்க" என்பதே பதில். நான் கடந்த சில வாரங்களில் எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் பால்வாடி வாசலில் நின்று பேசிப் பார்த்ததில், இரண்டாவது, மூன்றாவது கேள்விக்குத்தான் பேச்சு திறந்தது. திறந்தபோது சாப்பாட்டைப் பற்றிய புகார் ஏறக்குறைய இல்லை. ஒரு அப்பத்தா மட்டும் சாம்பாரில் உப்புக் கம்மி என்றார். அதை நான் ருசிப் பேதத்தில் சேர்த்துவிட்டேன். மற்றபடி திரும்பத் திரும்ப வந்தது இரண்டே இரண்டு. ஒன்று நேரம். இன்னொன்று ரெண்டு வயதுக்கு உள்ளே இருக்கிற பிள்ளை.

அங்கன்வாடியின் சேவைகள் ஆறு என்று அரசு ஆவணங்கள் சொல்லும். கூடுதல் ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து-சுகாதாரக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல். இந்த ஆறில் 'பிள்ளையைப் பார்த்துக்கொள்வது' இல்லை. கொஞ்சம் நின்று யோசித்தால் விசித்திரமாக இருக்கும். ஒரு தாய் பால்வாடிக்குப் போவதே, அவள் வேலைக்குப் போய் வரும் வரை பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பட்டியலைப் போட்டவர்களோ, பிள்ளைக்கு என்ன தேவை என்று கேட்டார்களே தவிர, தாய் பகலில் எங்கே இருப்பாள் என்று கேட்கவில்லை. வீட்டில் இருப்பாள் என்றே எண்ணிவிட்டார்கள் போல. கிராமத்துப் பெண் எந்தக் காலத்தில் வீட்டில் இருந்தாள்? நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள்தான் இப்போது கம்பெனி வேனில் ஏறுகிறாள். முன்பு காட்டு வரப்பில் தூளி கட்டினாள். பனியன் கம்பெனியில் தூளி கட்ட முடியாது.

திருப்பூர்ப் பக்கம் காலை எட்டரைக்கு வேலை ஆரம்பம். ஒரு ஷிப்ட் என்றால் ஐந்தரை வரை. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டு மணி தாண்டும். ஆர்டர் எப்போது அவசரமாக இல்லை என்று யாராவது எனக்குச் சொல்லலாம். கம்பெனி வேன் தெருமுனைக்கு ஏழரைக்கே வந்துவிடும். பால்வாடி திறக்க அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது ஆகும். மூன்றரை நாலுக்குப் பூட்டிவிடும். காலையில் ஒரு ஓட்டை, மாலையில் ஒரு பெரிய ஓட்டை. இந்த இரண்டு ஓட்டையையும் அடைப்பதற்கு ஒரு அம்மாயியோ அப்பத்தாவோ இருக்கிற வீட்டில்தான் மருமகள் வேலைக்குப் போக முடிகிறது. பாட்டி இல்லாத வீடுகளில் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருகிறாள். அரசாங்கத்தின் குழந்தை வளர்ப்பு உதவி உண்மையில் யார் தோளில் நிற்கிறது என்றால், சம்பளமில்லாத கிழவிகள் தோளில் நிற்கிறது. அவர்களும் கூலி வேலைக்குப் போகிற ஆட்கள் என்பது வெங்காயம் பறிக்கும் பருவத்தில்தான் தெரியும்.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு அந்தக் கிழவியும் இல்லை. எங்கள் ஊர் லைன் வீடுகளில் பீகார், ஒடிசாக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர் பால்வாடியில் தமிழ்ப் பாட்டை அபிநயத்தோடு பாடுவதைப் பார்க்க வேண்டும். பாட்டு முடிந்து மூன்றரை மணி ஆனால், வீட்டுக் கதவில் பூட்டு. அம்மாவும் அப்பாவும் ஒரே கம்பெனி. பக்கத்து அறைக்காரர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார். அந்தப் பிள்ளைகளை 'யார் பார்க்கிறார்கள்' என்று கேட்டதற்கு, லைன் வீட்டுக்காரம்மா தன் கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். எல்லாரும்தான் என்று அர்த்தம். யாரும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயம் இதைவிடக் கடினம். பால்வாடியில் பிள்ளையை உட்கார வைப்பது இரண்டு வயதிலிருந்து. அதற்குக் கீழே, ஆறு மாதம் முதல், சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்கு வரும், பிள்ளை வீட்டிலேயே இருக்க வேண்டும். பிரசவம் ஆனவுடன் தாய்க்குச் சில உதவிகள் உண்டு. அவை யார் யாருக்கு எவ்வளவு என்று பார்த்தால் நம் சமூகத்தின் ஏணிப்படி தெரியும். மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு சம்பளத்தோடு விடுப்பு. 2017-இன் சட்டத் திருத்தப்படி நிறுவனங்களில் வேலை பார்ப்பவருக்கு 26 வாரம். கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கும் காட்டு வேலைக்காரருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி. 1987-இல் தொடங்கிய இந்தத் திட்டம் 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் என்று வளர்ந்தது. இதுவும் தாய்மார்கள் நன்றியோடு பேசுகிற உதவி. ஆனால் பணம் சில மாதத்துக்குத் தாங்கும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதிலிருந்து இரண்டு வயது வரை இருக்கிற ஒன்றரை வருடத்துக்கு எந்தத் துறையிடமும் பதில் இல்லை.

சட்டத்தில் பதில் எப்போதோ எழுதியாயிற்று என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். வாஸ்தவம்தான். தொழிற்சாலைச் சட்டமே 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் 50 பேர் வேலை செய்கிற எந்த நிறுவனத்திலும் வேண்டும் என்றது. நூறு நாள் வேலைச் சட்டம்கூட, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்கவே நியமிக்க வேண்டும் என்றது. ஆனால் முப்பது பேர் கணக்குக்கு இருபத்தெட்டு பேரோடு நடக்கிற சின்னச் சின்ன யூனிட்டுகளால் ஆனதுதான் பனியன் தொழில். இன்னொன்று, காப்பகம் இருக்கிற கம்பெனியிலும் கைக்குழந்தையோடு நெரிசல் வேனில் ஒரு மணி நேரம் போய் வர எந்தத் தாய் சம்மதிப்பாள்? நான் பேசிய ஒருவர்கூட 'கம்பெனியில் வேண்டும்' என்று சொல்லவில்லை. எல்லாரும் தெருவில்தான் கேட்டார்கள். எல்லாத் தெருவுக்கும் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கிற ஒரே கட்டிடம் பால்வாடி.

மூன்றரை வயதானதும் பிள்ளைகள் பால்வாடியிலிருந்து தனியார் எல்கேஜிக்குத் தாவுவதை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 'ஜனங்களுக்கு இங்கிலீஷ் மோகம்' என்று சொல்லிவிடுவது சுலபம். டை, பெல்ட், ஷூ, மஞ்சள் வேன் இவற்றுக்கு ஒரு மவுசு இருக்கத்தான் செய்கிறது. பால்வாடியில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று நல்ல பாடத்திட்டமே இருக்கிறது, பாட்டும் கதையும் மணி கோர்த்தலுமாக. ஆனால் வீட்டுக்கு நோட்டு வருவதில்லை. எல்கேஜியில் நோட்டு வருகிறது. கட்டிய காசுக்கு ரசீது மாதிரி அது. அரசும் இதைப் புரிந்துகொண்டு 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. 2022-இல் அதை நிறுத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் தொடர்வதாகச் சொன்னது. பெற்றோரின் ஆசை என்ன என்று அந்த எதிர்ப்பிலேயே தெரிந்தது.

ஆனால் அந்த ஆசையில் பாதிதான் இங்கிலீஷ். மீதிப் பாதியை எங்கள் தெரு டியூஷன் அக்கா வீட்டு வாசலில் பார்க்கலாம். மாலை நாலரைக்கு வேன் வந்து பிள்ளைகளை நேரே அங்கேதான் இறக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன டியூஷன்? ஒரு பக்கம் 'ஏ' எழுதும், அரைப் பக்கம் 'பி' எழுதும், பிறகு பாயில் தூங்கிவிடும். அக்கா ஆறு மணிக்கு எழுப்பி முகம் கழுவி, பிஸ்கட்டும் டீயும் கொடுத்து, ஏழரைக்கு அம்மா வரும் வரை வைத்திருப்பார். மாதம் ஐநூறு ரூபாய். பி.காம் முடித்துக் கல்யாணம் ஆகி வீட்டோடு இருக்கிற அந்தப் பெண் ஊரில் ஒரு காப்பகம் நடத்துகிறார். பெயர்தான் டியூஷன். பெற்றோர் எல்கேஜிக்கும் வேனுக்கும் டியூஷனுக்கும் சேர்த்துக் கட்டுகிற பணத்தில் பெரும் பங்கு நேரத்துக்கான விலை. படிப்பு என்று சொன்னால் புருஷன் கொடுப்பான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று சொன்னால் 'எங்கம்மா எட்டுப் பேரை வளர்க்கலையா' என்பான். இது நான் சொல்வதல்ல, அந்த அக்காவே சொன்னது. (அப்பாக்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் அதிகம் இல்லையே என்று நினைப்பவர்களுக்கு: நான் பார்த்த படிவங்களிலும் அப்பா பெயர் எழுதும் இடத்தில் மட்டுமே வருகிறார்.)

சரி, பால்வாடியை ஆறு மணி வரை, ஏழு மணி வரை திறந்து வைத்தால் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நான் ஏழு மணி வரைக்கும் இங்க இருந்தா, எம்பட பிள்ளைய யாருங்க பாப்பாங்க?" என்றார்.

அதற்கு மேல் அவரிடம் நியாயம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவர் வேலையை ஒரு நாள் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகளோடு இருக்கிற நேரத்தைவிடப் போனோடு இருக்கிற நேரம் அதிகமோ என்று சந்தேகம் வரும். 2021-இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் வருகை, எடை, உயரம், சாப்பாடு எல்லாம் ஏற்ற வேண்டும். 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவு வாங்கத் தாயின் முகத்தைப் போனில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். டவர் கிடைக்கிற வேப்பமரத்தடிக்குத் தாயைக் கூட்டிப் போய், வெயில் கண்ணில் படாமல் திருப்பி நிறுத்தி, மூன்றாவது தடவையில் முகம் ஏறியது. கைக்குழந்தை இடுப்பில் இருந்தபடி முழு நேரமும் போனைப் பிடுங்கப் பார்த்தது. வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதுவும் பல ஊர்களில் இவர்கள் தலையில்தான். இத்தனைக்கும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெகுகாலம் ஊழியரே அல்ல, மதிப்பூதியம் வாங்கும் தொண்டர்கள். மத்திய அரசு தன் பங்கைக் கடைசியாக உயர்த்தியது 2018-இல், டீச்சருக்கு மாதம் 4,500, ஆயாவுக்கு 2,250. தமிழ்நாடு தன் பங்காகச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருவதால் இங்கே நிலைமை மேல். குஜராத்திலிருந்து போன வழக்கில் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில்தான்.

தாய்மார்களிடம் இன்னும் துருவிக் கேட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். அவர்கள் மார்க் போடுவது திட்டத்துக்கல்ல, ஆளுக்கு. பக்கத்து ஊரில் முப்பது வருடம் இருந்த ஆயாம்மா ஓய்வு பெற்றுப் போனார். இடம் காலியாகவே இருந்தது. டீச்சரே சமைத்து, டீச்சரே கால் கழுவி விட்டு, டீச்சரே பாட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே அரிசி, அதே பருப்பு, அதே முட்டை. ஆனால் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். "ஆயா இல்லாத பால்வாடில எப்படிங்க உடறது?" என்று ஒரு தாய் கேட்டார். தமிழ்நாடு முழுவதும் இப்படிக் காலியாகக் கிடந்த இடங்களில் 7,783-ஐ நிரப்ப 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது, அதில் 3,592 ஆயா பணியிடங்கள். அத்தனை ஆயா இல்லாமல் எத்தனை படிவத்தில் 'மிகவும் திருப்தி' என்று டிக் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகவே டீச்சரை ஏழு மணி வரை உட்கார வைப்பது வழியல்ல. வழி ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. மத்திய அரசின் 'பால்னா' திட்டம் அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை 25 பிள்ளைகள், மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், அதற்கென்று தனியாக ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். நாடு முழுவதுக்குமான இலக்கு 17,000. தமிழ்நாட்டில் இருக்கிற பால்வாடிகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை இந்த எண். அந்த ஏழரை மணி நேரமும் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் பத்தாது. இருந்தாலும் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஓர் இடம் என்று ஒத்துக்கொண்ட அளவில் அது முதல் படி. முட்டைக்காக இத்தனை வருடம் மத்திய அரசைக் காத்திராமல் தானே செலவழித்த மாநிலம், திருப்பூர், கரூர், சிவகாசி, வாணியம்பாடி மாதிரிப் பெண்கள் கூட்டமாக வேலைக்குப் போகிற ஊர்களிலாவது மதியத்துக்கு மேல் இரண்டாவது ஆயா ஒருவரைப் போட்டு, இரவு எட்டு வரை கதவைத் திறந்து வைக்கலாம். கட்டிடம் இருக்கிறது, பாய் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. நாலு மணிக்கு மேல் எல்லாம் சும்மா கிடக்கிறது. டியூஷன் அக்கா மாதிரிப் படித்த பெண்கள் தெருவுக்கு இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சம்பளம் என்று ஒன்று வரும்.

அன்று மாலை அந்தப் பெண்பிள்ளையின் அம்மாவை ஆயாம்மா வீட்டு வாசலில் மறுபடி பார்த்தேன். எட்டே கால். துணிப்பிசிறு தலைமுடியில் ஒட்டியிருந்தது. பிள்ளை சாப்பிட்டு, ஆயாம்மாவின் பேரனுக்குப் பக்கத்தில் தூங்கிவிட்டிருந்தது. அவர் பையிலிருந்து அரை கிலோ ஆரஞ்சை எடுத்து வைத்தார். ஆயாம்மா வேண்டாம் என்றார், பிறகு எடுத்துக்கொண்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, "அந்தப் பொண்ணுங்க மறுக்கா வந்தா சொல்றேனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாணவிகள் மறுபடி வருவார்களோ என்னவோ. கிராம சபை வரும். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் ஒன்று அக்டோபர் 2, இந்தப் பால்வாடித் திட்டம் பிறந்த அதே தேதி. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் தீர்மானம் போடுகிற அந்தக் கூட்டத்தில், எங்கள் பால்வாடி எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொடுக்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் ஒன்று எழுதிக் கொடுங்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் வர முடிகிற நேரத்தில் கூட்டத்தை வைக்கச் சொல்லியும் சேர்த்து எழுதுங்கள்.